துக்க வீட்டுக்கு மறுபடியும் போவது யார்?

இங்கிலாந்து நாட்டில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு சிறிய வீடு. அதில் ஒரு கிழவரும் அவர் மனைவியும் வாழ்ந்து வந்தார்கள். பிள்ளைகள் தொலைவில், வேறு வேறு ஊர்களில் வேலை பார்த்தார்கள்.

ஒரு நாள் கிழவரின் மனைவி இறந்து போனார்.

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பக்கத்து வீட்டார் வந்து கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். தபாலில் அனுதாபக் கடிதங்கள் வந்தன. பூச்செண்டுகள் வந்தன. சவ அடக்கமும் முடிந்தது.

ஒரு மாதம் போயிற்று. பிள்ளைகள் ஊருக்குத் திரும்பி விட்டார்கள். பூக்கள் வாடி விட்டன. கடிதங்கள் நின்று விட்டன.

காலையில் எழுந்ததும் கிழவர் டீ போடுகிறார். பழக்கத்தால் கை இரண்டு கோப்பைகளை எடுக்கிறது. ஒன்றை மட்டும் மறுபடி அலமாரியில் வைக்கிறார். அன்று முழுவதும் அவரிடம் ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை அல்ல. பிரிட்டனில் ஆண்டுதோறும் 6 லட்சத்துக்கும் அதிகமான பேர் இறக்கிறார்கள். ஒவ்வொரு சாவுக்கும் பின்னால் இப்படி ஒரு வீடு இருக்கிறது. சில வீடுகளில் கிழவர். சில வீடுகளில் கைக்குழந்தையோடு நிற்கும் இளம் பெண்.

சவ அடக்கத்துக்கு ஊர் வருகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யார் போவது?

இந்தக் கேள்விக்கு அந்த நாட்டின் சர்ச்சுகள் பல, "நாங்கள் போகிறோம்" என்று முன்வந்திருக்கின்றன. அவர்கள் செய்வது என்ன? அதனால் பலன் உண்டா? அதில் ஆபத்தும் உண்டா?

அங்கே வழக்கம் வேறு

தமிழ்நாட்டில் ஒரு வீட்டில் சாவு என்றால், அன்றோ மறுநாளோ அடக்கம் நடந்து விடும். அதற்குப் பிறகுதான் சடங்குகள் தொடரும். பால் தெளிப்பு, பதினாறாம் நாள், முப்பதாம் நாள், வருஷ திதி என்று உறவினர் மறுபடி மறுபடி வந்து போவார்கள். "சாப்பிட்டாயா?" என்று கேட்க ஓர் ஆள் இருக்கும்.

இங்கிலாந்தில் இது தலைகீழ். அங்கே இறந்து இரண்டு மூன்று வாரம் கழித்தே பெரும்பாலும் சவ அடக்கம் நடக்கும். இறந்தவர் உடலை, இதற்கென்றே இருக்கும் கம்பெனிக்காரர்கள் எடுத்துப் போய் வைத்திருப்பார்கள். இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் எரியூட்டப்படுகிறார்கள். எரியூட்டும் நிலையத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் அரை மணி முதல் முக்கால் மணி வரை. வாசலில் அடுத்த குடும்பம் காத்திருக்கும்.

அன்று மாலையோடு எல்லாம் முடிந்தது. பதினாறாம் நாள் கிடையாது. மறுபடி வந்து உட்காருவதற்கு ஒரு சாக்குக் கூடக் கிடையாது.

இதற்கிடையே எழுத்து வேலைகள் வேறு. ஐந்து நாளுக்குள் மரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். பாங்கி, பென்ஷன், வாடகை, வரி என்று ஒவ்வொரு இடத்துக்கும் எழுத வேண்டும். இந்த வேலைகள் இருக்கும் வரை துக்கம் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும். வேலை முடிந்ததும்தான் அது நடு வீட்டுக்கு வரும். அந்தச் சமயத்தில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்!

கொரோனா காட்டிய உண்மை

இந்தக் குறை முன்பே இருந்தது. ஆனால் நாடு முழுவதும் அதைக் கண்ணால் கண்டது கொரோனாக் காலத்தில்தான்.

2020 மார்ச்சில் பிரிட்டனில் ஊரடங்கு வந்தது. சர்ச்சுகள் பூட்டப்பட்டன. மிக நெருங்கிய சிலர் மட்டுமே சவ அடக்கத்துக்குப் போக முடிந்தது. அவர்களும் விலகி உட்கார வேண்டும். ஒருவரை ஒருவர் அணைத்து அழக் கூடாது. ஆஸ்பத்திரியில் இருந்த தாயைக் கடைசியாக ஒரு முறை பார்க்க முடியாத பிள்ளைகள் ஏராளம்.

ராணிக்கும் இதே கதிதான். 2021 ஏப்ரல் 17-ந் தேதி எலிசபெத் ராணியின் கணவர் பிலிப் இளவரசருக்கு வின்சர் கோட்டையில் இறுதிச் சடங்கு நடந்தது. 30 பேருக்கு மட்டுமே அனுமதி. 73 ஆண்டு கூட வாழ்ந்த கணவரை வழியனுப்ப வந்த ராணி, கறுப்பு முகமூடி அணிந்து, தன்னந்தனியே உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்காதவர் குறைவு.

பிரிட்டனில் மரணச் சான்றிதழில் கொரோனா என்று எழுதப்பட்டவர்கள் 2 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கும் மேல். லண்டன் செயின்ட் பால் பேராலயம், இறந்தவர்களின் பெயரையும் படத்தையும் பதித்து வைக்க 2020 மே மாதம் ஓர் இணைய நினைவேட்டைத் தொடங்கியது. "என்னை நினைத்துக்கொள்" என்பது அதன் பெயர். எந்த மதத்தாரும் பதியலாம். மதமே இல்லாதவரும் பதியலாம் என்று சொல்லி விட்டார்கள்.

அடுத்து, பல தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து, துக்கத்தில் இருப்போரின் நிலையை ஆராய ஒரு கமிஷனை அமைத்தன. இது சர்க்கார் கமிஷன் அல்ல. அப்போது லண்டன் பிஷப்பாக இருந்த சாரா மலாலி அம்மையார் அதற்குத் தலைமை வகித்தார். இவர் பிஷப் ஆவதற்கு முன் நர்ஸ்! இங்கிலாந்தின் தலைமை நர்ஸ் அதிகாரியாக 1999 முதல் 2004 வரை பணியாற்றியவர். 2025 அக்டோபரில், காண்டர்பரி ஆர்ச் பிஷப் பதவிக்கு இவர் பெயர் அறிவிக்கப்பட்டது. அந்தப் பதவிக்குத் தேர்வான முதல் பெண் இவரே.

ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கமிஷன் கருத்துக் கேட்டது. 2022 அக்டோபரில் அறிக்கை வெளிவந்தது. "துக்கம் எல்லோருடைய பொறுப்பு" என்பதே அதன் சாரம். முறையான உதவி வேண்டும் என்று விரும்பியவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கும் மேல் அது கிடைக்கவே இல்லை என்று அறிக்கை சொன்னது.

உதவி வேண்டாம் என்றவர்கள் அல்ல. விரும்பியும் கிடைக்காதவர்கள்!

எண்ணெய்க் கலயத்தின் கதை

துக்கத்தில் இருப்பவருக்குத் துணை என்பது அங்கே புது யோசனை அல்ல. 1959-ம் ஆண்டிலேயே அது தொடங்கியது.

லண்டனை அடுத்த ரிச்மண்டில் மார்கரெட் டோரி என்ற சமூக சேவகி இருந்தார். கணவரை இழந்த பெண்கள் படும் பாட்டை அவர் பார்த்தார். பணக் கஷ்டம் ஒரு பக்கம். "இவளை வீட்டுக்குக் கூப்பிட்டால் அழுவாள்" என்று சிநேகிதிகளே ஒதுங்குவது இன்னொரு பக்கம். அந்தப் பெண்களுக்காக அவர் ஒரு சங்கம் தொடங்கினார். அதற்குக் "குரூஸ்" என்று பெயர் வைத்தார்.

குரூஸ் என்றால் சிறிய கலயம். பைபிளில் வரும் ஒரு கதையிலிருந்து எடுத்த பெயர் அது. பஞ்ச காலத்தில் ஓர் ஏழை விதவை, கடைசிப் பிடி மாவையும் கலயத்தில் இருந்த கொஞ்சம் எண்ணெயையும் எலியா தீர்க்கதரிசியோடு பகிர்ந்துகொண்டாள். மழை பெய்யும் வரை மாவும் குறையவில்லை. எண்ணெயும் வற்றவில்லை என்பது கதை.

இன்று குரூஸ் ஆண், பெண், குழந்தை என்று எல்லோருக்கும் உதவுகிறது. எந்த மதத்தையும் சாராத பெரிய நிறுவனம் அது. 1967-ல் சிசிலி சாண்டர்ஸ் என்ற டாக்டர் அம்மையார் லண்டனில் செயின்ட் கிறிஸ்டபர் ஆஸ்பத்திரியைத் திறந்தார். தீராத நோயாளிகள் வலியின்றி இருக்க உதவும் இடம் அது. நோயாளி இறந்த பிறகும் அவர் குடும்பத்தைக் கைவிடக் கூடாது என்ற பழக்கம் அங்கிருந்து பரவியது.

ஆனால் தேவை பெரிது. இந்த நிறுவனங்கள் எல்லா ஊரிலும் போதிய அளவில் இல்லை. சர்ச்சோ பெரும்பாலான ஊர்களில் இருக்கிறது. இங்கிலாந்து சர்ச்சுக்கு மட்டும் சுமார் 16 ஆயிரம் ஆலயங்கள். பாதிக்கு மேல் கிராமங்களில் இருக்கின்றன. தபாலாபீஸ் மூடிய கிராமத்திலும், கடை மூடிய கிராமத்திலும் அந்தக் கட்டடம் நிற்கிறது. அங்கே ஒரு கூடம் இருக்கும். நாற்காலி இருக்கும். டீ போட அடுப்பு இருக்கும்.

அடக்கம் நடத்தி வைத்த பாதிரியாருக்கு, எந்த வீட்டில் யார் இறந்தார் என்பது தெரியும். ஆகவே, அந்த வீட்டுக்கு மறுபடி போகச் சர்ச்சுக்கு வழியும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது.

கூடத்தில் என்ன நடக்கிறது?

பல சர்ச்சுகளில் வாரம் ஒரு நாளோ, மாதம் ஒரு நாளோ கூடம் திறந்திருக்கும். துக்கத்தில் இருப்பவர் யாரும் வரலாம். டீயும் கேக்கும் கிடைக்கும். பேச விரும்பினால் பேசலாம். சும்மா உட்கார்ந்திருந்தும் போகலாம். "ஏன் அழுகிறாய்?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் அழுதவர்களே!

இன்னும் முறையாக நடத்தும் சர்ச்சுகளும் உண்டு. லண்டன் பிராம்ப்டன் பகுதியில் ஹோலி டிரினிட்டி என்ற ஆலயம் இருக்கிறது. அங்கே தொடங்கிய ஒரு வகுப்பு இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. ஆறு அமர்வுகள். ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு படம் காட்டுவார்கள். பிறகு சிறு சிறு குழுவாக உட்கார்ந்து பேசுவார்கள். கோபம், குற்ற உணர்ச்சி, தூக்கமின்மை, பிறந்த நாளையும் பண்டிகை நாளையும் எப்படிக் கடப்பது என்பவை பேச்சாக வரும். அங்கே பேசியதை வெளியே சொல்லக் கூடாது.

இவோன் ரிச்மண்ட் டல்லக் என்ற பெண் பாதிரியார் கணவரைத் திடீரென்று இழந்தவர். உதவி எங்கே கிடைக்கும் என்று தேடுவதே எவ்வளவு கஷ்டம் என்பதை அனுபவத்தில் கண்டார். எந்த ஊரில் என்ன உதவி உண்டு என்று ஒரே இடத்தில் காட்டும் இணையப் பட்டியலை 2016-ல் தொடங்கினார். சர்ச்சுகள் நடத்தும் குழுக்களும் அதில் உண்டு. மதம் சாராத குழுக்களும் உண்டு.

சாவு வருவதற்கு முன்பே அதைப் பற்றிப் பேசப் பழக்குவதும் நடக்கிறது. இதற்காக இங்கிலாந்து சர்ச்சு 52 கேள்விச் சீட்டுகள் கொண்ட ஒரு கட்டைத் தயாரித்திருக்கிறது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, டீ குடித்தபடி, ஆளுக்கு ஒரு சீட்டை எடுத்துப் பேசுவார்கள். "என் அடக்கம் எப்படி இருக்க வேண்டும்?" என்று அப்பா உயிரோடு இருக்கும்போதே சொல்லி விட்டால், பிறகு பிள்ளைகளுக்குள் சண்டை இல்லை அல்லவா?

நவம்பர் 2-ந் தேதியை ஒட்டி, பல சர்ச்சுகளில் இறந்தோர் நினைவு ஆராதனை நடக்கும். அந்த ஆண்டில் அடக்கம் நடந்த வீடுகளுக்கெல்லாம் கடிதம் போகும். இறந்தவர் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுவர்த்தி. பெயரைக் காதால் கேட்பது பெரிய ஆறுதல். ஏனென்றால், அடக்கம் முடிந்த பிறகு அந்தப் பெயரைச் சொல்லவே பலர் பயப்படுகிறார்கள்.

சொல்லக் கூடாத சொற்கள்

துக்க வீட்டுக்குப் போக நல்ல மனம் மட்டும் போதுமா? போதாது. நல்ல மனத்தோடு சொன்ன வார்த்தையே புண்ணைக் கிளறி விடும்.

"கடவுளுக்கு அவன் தேவைப்பட்டான்." "இதற்குள் தேறியிருக்க வேண்டாமா?" "இன்னொரு குழந்தை பிறக்கும்." இப்படி எதுவும் சொல்லக் கூடாது என்று தொண்டர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். சொல்வதை விடக் கேட்பதே அவர்கள் வேலை.

துக்கம் படிப்படியாக இறங்கும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. முதலில் நம்ப மறுப்பது, பிறகு கோபம், பேரம், சோர்வு, கடைசியில் ஏற்பது என்று ஐந்து படிகள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற டாக்டர் அம்மையார் 1969-ல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது இது. ஆனால் அவர் அந்தப் புத்தகத்தில் எழுதியது சாகப்போகும் நோயாளிகளைப் பற்றி! பிறகு அது துக்கத்தில் இருப்பவருக்கும் விதி போல ஆகி விட்டது.

1999-ல் ஸ்ட்ரோபே, ஷுட் என்ற இரு அறிஞர்கள் வேறு விளக்கம் தந்தார்கள். துக்கம் ஊஞ்சல் மாதிரி. ஒரு நேரம் இறந்தவரை நினைத்து அழுகை. மறு நேரம் அடுப்பு வேலை, கடை வேலை. இப்படி இரண்டுக்கும் நடுவே ஆடுவதுதான் இயல்பு என்றார்கள். நேற்றுச் சிரித்த விதவை இன்று அழுதால், அது பின்வாங்குவது அல்ல.

மதத்துக்கு ஆள் பிடிக்கவா?

இங்கே ஒரு சந்தேகம் எழுவது நியாயமே. மனம் உடைந்திருப்பவரை டீ கொடுத்துக் கூப்பிட்டு, மதத்துக்குள் இழுக்கிறார்களோ?

கணக்கைப் பாருங்கள். 2011 ஜனக்கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 59 பேர். 2021-ல் அது 46 ஆகக் குறைந்து விட்டது. மதம் இல்லை என்றவர்கள் 37. சர்ச்சுகளில் கூட்டம் முன்பை விடக் குறைவு. ஆகவே, ஆள் சேர்க்கும் ஆசை சில இடங்களில் இருக்கலாம் என்று நினைப்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

நல்ல முறையில் நடத்துகிறவர்கள் இதற்கு ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். மேலே சொன்ன வகுப்பில் ஆறு அமர்வுகள் எல்லோருக்கும் பொது. "கடவுள் ஏன் இப்படிச் செய்தார்?" என்று கேட்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் ஏழாவது அமர்வு. வருவதும் வராததும் அவரவர் இஷ்டம்.

அந்த வேலி இருக்கும் வரைதான் நம்பிக்கை இருக்கும். துக்கத்தில் இருப்பவருக்கு "வேண்டாம்" என்று சொல்லத் தெம்பு இருக்காது. அவரிடம் எதையும் எதிர்பார்த்து உதவி செய்வது உதவி ஆகாது.

டாக்டர் வேலை வேறு

இன்னொரு வேலியும் வேண்டும்.

பிரிட்டனில் மருத்துவ வழிமுறைகளை வகுக்கும் "நைஸ்" என்ற அமைப்பு, புற்றுநோயாளிகளைக் கவனிப்பது பற்றி 2004-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் துக்க உதவியை மூன்று அடுக்காகப் பிரித்தது. எல்லோருக்கும் வேண்டியது, நடப்பதைப் புரிய வைக்கும் தகவலும் வீட்டார் துணையும். சிலருக்கு வேண்டியது, உட்கார்ந்து கேட்கப் பயிற்சி பெற்ற ஒருவர். மிகச் சிலருக்கு மட்டும் மனநல டாக்டர்.

சர்ச்சின் இடம் முதல் இரண்டு அடுக்குகளில். மூன்றாவது அடுக்கில் அதற்கு வேலை இல்லை.

துக்கம் ஒரு நோய் அல்ல. ஆனால் சுமார் பத்தில் ஒருவருக்கு அது தணியாமலே நின்று விடுகிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-ல் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஓர் ஆண்டு கடந்தும் ஏக்கம் நாள் முழுவதும் ஆளை அழுத்தி, வாழ்க்கையே நடக்காமல் போனால் டாக்டரிடம் போக வேண்டும். உயிரை விட்டு விடலாமா என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள் கூடக் காத்திருக்கக் கூடாது.

இதைக் கண்டுகொண்டு, "வாருங்கள், டாக்டரிடம் போகலாம்" என்று கூட்டிப் போகிற தொண்டர்தான் நல்ல தொண்டர். "ஜெபம் செய்தால் போதும்" என்று நிறுத்தி வைப்பவர் ஆபத்தானவர்.

சர்ச்சு மட்டும் போதுமா?

போதாது. கிராமப் பாதிரியார் ஒருவரே பல ஆலயங்களைக் கவனிக்கும் நிலை இருக்கிறது. தொண்டர்களில் பலருக்கு வயதாகி விட்டது. ஓர் ஊரில் அருமையாக நடக்கும் கூட்டம் பக்கத்து ஊரில் இருக்காது. சர்ச்சு வாசலையே மிதிக்க விரும்பாதவர்களும் உண்டு. அவர்களுக்கும் துக்கம் உண்டு.

ஆகவே சர்க்காருக்கும் முதலாளிக்கும் பொறுப்பு இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிரிட்டனில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பறிகொடுத்த தொழிலாளிக்கு இரண்டு வாரம் லீவு உண்டு. அதற்கு முன் அந்த உரிமை கூடச் சட்டத்தில் இல்லை! பிள்ளையைப் புதைத்த தகப்பன், முதலாளியின் தயவுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் லீவு தரலாம். டாக்டர் மருந்து தரலாம். ஆனால் பக்கத்தில் உட்கார ஓர் ஆளைச் சட்டத்தால் அனுப்ப முடியாது. சர்ச்சு செய்வது அந்த வேலையைத்தான். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பெரும் பணமும் வேண்டாம். மறுபடி வர வேண்டும். கைம்மாறு கேட்காமல் வர வேண்டும். தன் எல்லை தெரிந்து வர வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் சர்ச்சு மட்டும் அல்ல, கோவில், பள்ளிவாசல், தெரு மன்றம் என்று யாரும் இதைச் செய்யலாம்.

தமிழ்நாட்டிலும் நிலைமை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. பிள்ளைகள் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய் விட்டார்கள். பதினாறாம் நாள் சடங்கை மூன்றாம் நாளிலேயே முடித்துக்கொண்டு விமானம் ஏறுகிற குடும்பங்களும் உண்டு. அந்த வீட்டிலும் இரண்டு டம்ளர்களில் ஒன்று சும்மா இருக்கிறது.

உங்கள் தெருவில் இந்த ஆண்டு சாவு நடந்த வீடு எது? அடக்கத்துக்குப் போயிருப்பீர்கள். அதற்குப் பிறகு போனீர்களா?

ஒரு நடை போய் வரலாமே!